காது கேளாத வாத்தியாரும் ராக்கெட் கணக்கும்

மலருக்குக் கட்டுரை கேட்ட நம் சங்கச் செயலாளர், கல்லூரி நினைவுகளாக இருந்தால் நல்லது என்றார். ஹாஸ்டல் மெஸ், பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி, புரொபசர்களுக்கு வைத்த பட்டப்பெயர்... இதையெல்லாம் என்னைவிட ருசியாக எழுதக்கூடியவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அதனால் வேறொரு வாத்தியாரைப் பற்றி எழுத அனுமதி வாங்கிக்கொண்டேன்.

அவர் நம் கல்லூரி வாத்தியார் இல்லை. ரஷ்யாவில் ஒரு சிறிய ஊரில் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்தவர். என்ஜினியரிங் பட்டம் கிடையாது. சொல்லப்போனால் எந்தப் பட்டமும் கிடையாது. சின்ன வயதிலிருந்தே காது சரியாகக் கேட்காது. வாழ்நாளில் ஒரு ராக்கெட்கூட விட்டதில்லை. ஆனால் இன்று உலகில் எந்தத் தளத்திலிருந்து எந்த ராக்கெட் கிளம்பினாலும், அவர் எழுதி வைத்த ஒரு வரிச் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டுத்தான் கிளம்புகிறது. அவர் பெயர் கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கி.

நான் மெக்கானிக்கல் படித்தவன். வால்வும் பைப்பும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ராக்கெட் எனக்குச் சம்பளம் தராத சமாச்சாரம். வேலைக்கும் பிழைப்புக்கும் சம்பந்தமில்லாத ஒன்றின் மேல் இப்படி ஆசை வைப்பதில் என்ன பிரயோஜனம் என்று வீட்டிலும் கேட்கிறார்கள், நானும் அவ்வப்போது கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்கிற வாழ்க்கை இவருடையது. பதிலில் இனிப்பும் உண்டு, கசப்பும் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடம் மூடிய கதவு

1857 செப்டம்பர் 17ஆம் தேதி ரியசான் மாகாணத்தில் இஷெவ்ஸ்கோயே என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா வன இலாகாவில் வேலை பார்த்தவர். பத்து வயது வாக்கில் ஸ்கார்லெட் காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தது, கேட்கும் சக்தி பெரும்பகுதி போய்விட்டது. 1870இல் அம்மாவும் இறந்துபோனார். வகுப்பில் வாத்தியார் சொல்வது காதில் விழாத பையன் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான்? பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. அப்புறம் அப்பாவின் புத்தக அலமாரிதான் பள்ளிக்கூடம்.

பையனிடம் ஏதோ இருக்கிறது என்று அப்பாவுக்குப் பட்டிருக்கிறது. 1873இல், 16 வயதில், மாஸ்கோவுக்கு அனுப்பி வைத்தார். எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை. மூன்று வருடம் பொது நூலகத்தில் உட்கார்ந்து கணிதம், இயற்பியல், வேதியியல் எல்லாவற்றையும் தானே படித்தார். நிக்கொலாய் ஃபியோதரவ் என்ற தத்துவவாதி அங்கே நூலகராக இருந்தார். பையனுக்கு வேண்டிய புத்தகங்களை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். வீட்டிலிருந்து வந்த பணத்தில் ரொட்டிக்கு மாதம் 90 கோபெக் மட்டும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைப் புத்தகத்துக்கும் ரசாயனத்துக்கும் செலவழித்தார். காய்ந்த ரொட்டியும் தண்ணீரும்தான் சாப்பாடு. அமிலம் தெறித்துக் கால்சட்டை முழுக்க ஓட்டை. விஷயம் தெரிந்ததும் அப்பா 1876இல் ஊருக்கே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்.

ஜூல்ஸ் வெர்ன் எழுதிய நிலாப் பயணக் கதை அந்தக் காலத்து இளைஞர்கள் பலரைப் போல் இவரையும் பிடித்துக்கொண்டது. அந்தக் கதையில் பெரிய பீரங்கியில் ஆட்களை வைத்துச் சுடுவார்கள். சியோல்கோவ்ஸ்கி உட்கார்ந்து கணக்குப் போட்டார். பீரங்கிக் குழாயின் நீளத்துக்குள் அத்தனை வேகம் எடுத்தால் உள்ளே இருப்பவர் கூழாகிவிடுவார் என்று தெரிந்தது. அப்படியானால் வேறு என்ன வழி? அந்த யோசனைதான் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக ராக்கெட்டுக்குக் கொண்டுவந்தது.

25 வருடம் தாமதம்

1879இல் தனித்தேர்வராக ஆசிரியர் பரீட்சை எழுதித் தேறினார். 1880இல் போரோவ்ஸ்க் என்ற ஊரில் வேலை கிடைத்தது. அதே வருடம் வர்வாரா சொக்கொலோவாவைக் கல்யாணம் செய்துகொண்டார். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம், மற்ற நேரமெல்லாம் சொந்த ஆராய்ச்சி.

1881 வாக்கில் வாயுக்களின் இயக்கக் கொள்கை பற்றி ஒரு கட்டுரை எழுதி, பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ரஷ்ய இயற்பியல் வேதியியல் சங்கத்துக்கு அனுப்பினார். மெண்டலீவ் போன்ற ஜாம்பவான்கள் இருந்த சங்கம் அது. வந்த பதில் என்ன தெரியுமா? கணக்கெல்லாம் சரி, ஆனால் இதெல்லாம் ஏறக்குறைய 25 வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்தாயிற்று என்பதுதான்!

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மாதக்கணக்கில் ராத்திரி ராத்திரியாக விளக்கு வைத்து எழுதிய வேலை. ஊரில் நல்ல நூலகம் இல்லை, சொல்லித்தர ஆள் இல்லை. அதனால்தான் முன்பே முடிந்த வேலை என்று அவருக்குத் தெரியவில்லை. நாமாக இருந்தால் பேனாவை மூடி வைத்திருப்போம். அவர் அந்தப் பதிலை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். பெரிய விஞ்ஞானிகள் போய்ச் சேர்ந்த அதே இடத்துக்குத் தனியாக நடந்தே தன்னால் போக முடிந்திருக்கிறதே, அது போதும் என்று அடுத்த வேலையை எடுத்தார். சங்கத்தாரும் அவரை உற்சாகப்படுத்தினார்கள்.

1892இல் கலுகா நகருக்கு மாற்றல் ஆனது. கடைசி வரை அதுதான் ஊர். 1897இல் வீட்டிலேயே விசிறி வைத்துக் காற்றடிக்கும் ஒரு கருவியைச் செய்தார். அதில் பலவித வடிவங்களை வைத்துக் காற்றின் தடையை அளந்தார். ரஷ்யாவின் முதல் காற்றுச் சுரங்கங்களில் ஒன்று என்று அதைச் சொல்கிறார்கள். கேள்விப்பட்ட விஞ்ஞானக் கழகம் 470 ரூபிள் உதவித்தொகை கொடுத்தது. ஜார் காலத்தில் அவருடைய ஆராய்ச்சிக்குக் கிடைத்த பெரிய உதவி என்றால் அதுதான். மற்றதெல்லாம் வாத்தியார் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது. எழுதிய புத்தகங்களில் பலவற்றைச் சொந்தச் செலவில் சின்னச் சின்ன வெளியீடுகளாகப் போட்டார்.

அந்த ஒரு வரிக் கணக்கு

1903இல் ஒரு ரஷ்ய அறிவியல் பத்திரிகையில், ராக்கெட் மூலம் விண்வெளியை ஆராய்வது பற்றி அவர் எழுதிய கட்டுரை வந்தது. அதில்தான் அந்தச் சமன்பாடு. முதலாண்டு மாணவர்களுக்கும் புரியும்படி சொல்கிறேன்.

ராக்கெட்டின் பின்னாலிருந்து வாயு ஒரு வேகத்தில் வெளியேறுகிறது. ராக்கெட்டும் அதே வேகத்தை எட்ட வேண்டுமானால், கிளம்பும்போது உள்ள எடை, எரிபொருள் தீர்ந்தபின் மிஞ்சும் எடையைப் போல் 2.72 மடங்கு இருக்க வேண்டும். இரண்டு மடங்கு வேகம் வேண்டுமா? 7.39 மடங்கு. மூன்று மடங்கு வேகம்? 20 மடங்கு! வட்டிக்கு வட்டி போடுகிற கடன் மாதிரிதான். ஏனென்றால் எரிபொருளைத் தூக்க எரிபொருள் வேண்டும், அதைத் தூக்க இன்னும் எரிபொருள் வேண்டும்.

பூமியைச் சுற்ற வினாடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் வேகம் தேவை. காற்றுத் தடை, புவியீர்ப்பால் வரும் இழப்பு இரண்டையும் விட்டுவிட்டே பார்ப்போம். வாயு வினாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறினால், 10 டன்னை அந்த வேகத்துக்குக் கொண்டுபோகக் கிளம்பும்போது 144 டன் இருக்க வேண்டும். 4.5 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறினால் 59 டன் போதும். எரிபொருளைத் தேர்ந்தெடுப்பதில்தான் எத்தனை வித்தியாசம் பாருங்கள்!

அந்தக் கட்டுரையில் அவர் சொன்ன எரிபொருள் என்ன? திரவ ஹைட்ரஜன், அதை எரிக்கத் திரவ ஆக்சிஜன். ஹைட்ரஜனை முதன்முதலில் திரவமாக்கியதே 1898இல், லண்டனில் ஜேம்ஸ் டூவர். ஐந்தே வருடத்தில், கலுகாவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அதை ராக்கெட்டுக்குச் சிபாரிசு செய்கிறார்! இதே கணக்கின் சில பகுதிகளை அவருக்கு முன்பும் சிலர் தொட்டிருக்கிறார்கள். ஆனால் அதை வைத்து மனிதன் பூமியை விட்டுப் போக முடியும் என்று நிறுவியவர் இவர். பின்னர் 1929இல், ஒரு ராக்கெட் போதாவிட்டால் பலவற்றை ரயில் பெட்டி போல் கோத்து, தீர்ந்ததைக் கழற்றிவிட்டுக்கொண்டே போகலாம் என்று எழுதினார். இன்றைய பல அடுக்கு ராக்கெட்டுகளுக்கு அடிப்படை அதே எண்ணம்தான்.

நம் பக்கத்துச் செய்தி ஒன்று. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோவின் கிரையோஜெனிக் என்ஜின்களைச் சோதிக்கிறார்கள். அதே திரவ ஹைட்ரஜன், அதே திரவ ஆக்சிஜன். 2001இல் ஜிஎஸ்எல்வி முதலில் பறந்தபோது அந்த மேலடுக்கு ரஷ்யாவிலிருந்து வாங்கியது. நாமே செய்த மேலடுக்கு 2014 ஜனவரி 5ஆம் தேதி வெற்றிகரமாகப் பறந்தது. வாத்தியாரின் கட்டுரைக்கும் அந்த நாளுக்கும் நடுவே 111 வருடம்!

ஆனால் 1903இல் அந்தக் கட்டுரையைக் கண்டுகொண்டவர்கள் ரொம்பக் குறைவு. 1911-12இல் வேறொரு பத்திரிகையில் தொடர்ச்சி வந்த பிறகுதான் கொஞ்சம் பேச்சு கிளம்பியது. 1923இல் ஜெர்மன் மொழியில் ஹெர்மன் ஓபெர்த் ராக்கெட் பற்றிய புத்தகத்தை வெளியிட்டார். நம்ம ஆள் இதையெல்லாம் முன்பே எழுதிவிட்டாரே என்று அப்போதுதான் ரஷ்யர்கள் விழித்துக்கொண்டார்கள். பழைய கட்டுரை 1924இல் கலுகாவிலேயே மறுபடி அச்சானது. ஒரு காலத்தில் தாமதமாக வந்தவர் என்று பதில் வாங்கியவர், இந்த முறை முந்தியவர் ஆனார்.

விலை கொடுத்தவர்கள்

இத்தோடு நிறுத்தினால் இது மாலை போட்ட படம் மாதிரி ஆகிவிடும். ஏழு குழந்தைகளில் ஐந்து பேர் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள். மூத்த மகன் இக்னாட்டி 1902இல், மாஸ்கோவில் மாணவனாக இருந்தபோது, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். இன்னொரு மகன் அலெக்சாந்தர் 1923இல் அதே மாதிரி. 1908இல் ஓக்கா ஆறு பெருகி வீட்டுக்குள் வந்து கையெழுத்துப் பிரதிகளை நாசமாக்கியது. 1919இல் ரகசியப் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் இரண்டு வாரம் போல் மாஸ்கோ சிறையில் வைத்திருந்து விட்டது. மனித குலத்தை மேம்படுத்துவது பற்றி அவர் எழுதிய சில பக்கங்களை இன்று நாம் ஏற்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு வாத்தியார் சம்பளத்தில் அத்தனை வயிறுகளுக்கும் அடுப்பை எரிய வைத்தவர் வர்வாரா. ராக்கெட் கணக்கில் எரிபொருளைத் தூக்கவும் எரிபொருள் வேண்டும் என்று பார்த்தோமே, இந்த வீட்டில் அந்த வேலையைச் செய்தவர் அந்த அம்மாதான். ஆசையைத் துரத்தும் நாம் எல்லோரும், நம் கணக்கை யார் கட்டுகிறார்கள் என்று ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்க வேண்டும்.

1921இல் சோவியத் அரசு அவருக்கு ஆயுட்கால ஓய்வூதியம் கொடுத்தது. 75ஆவது பிறந்த நாளைக் கொண்டாடிப் பதக்கமும் தந்தது. இளைஞர்கள் கடிதம் எழுதினார்கள். தகரத்தில் தானே செய்த பெரிய ஊதுகுழலைக் காதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டார். 1935 செப்டம்பர் 19ஆம் தேதி கலுகாவில் வயிற்றுப் புற்றுநோயால் காலமானார். அவருடைய நூறாவது பிறந்த நாளுக்குச் சரியாக 17 நாள் கழித்து, 1957 அக்டோபர் 4ஆம் தேதி, ஸ்புட்னிக் மேலே போனது. கலுகாவில் இப்போது இருக்கும் விண்வெளி அருங்காட்சியகத்துக்கு 1961இல் அடிக்கல் நாட்டியவர் யூரி ககாரின்.

ஸ்ரீஹரிகோட்டாவில் 2019இல் பொதுமக்களுக்கான பார்வை மாடம் திறந்தார்கள். நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். முதலில் வெளிச்சம் மட்டும்தான் வரும். ராக்கெட் சத்தமே இல்லாமல் மேலே ஏறும். சில வினாடி கழித்துத்தான் முழக்கம் வந்து சேரும், அதுவும் காதைவிட நெஞ்சில்தான் அதிகம் தெரியும். அந்த வாத்தியாரைக் கூட்டி வந்து நிறுத்தியிருந்தால், அவருக்கும் கேட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

சங்கத்துக்கு ஒரு யோசனை

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளே! விரும்பிய பிரிவு கிடைக்கவில்லை, கேம்பஸில் வந்த கம்பெனி மனசுக்குப் பிடிக்கவில்லை என்று பலர் சொல்லக் கேட்கிறேன். வேலையை ஒழுங்காகப் பாருங்கள், அது சோறு. கூடவே ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் போட்ட கணக்கை நாலு பேருக்கு அனுப்புங்கள். இதெல்லாம் முன்பே செய்தாயிற்று என்று பதில் வந்தால் வாடிப்போகாதீர்கள். சரியான பாதையில்தான் நடக்கிறீர்கள் என்று அதற்கு அர்த்தம்.

மூத்தவர்களுக்கும் சகாக்களுக்கும் ஒரு விண்ணப்பம். சிலபஸில் இல்லாத எதையாவது செய்து பார்க்கத் துடிக்கும் ஒரு மாணவனுக்கோ மாணவிக்கோ வருடந்தோறும் ஒரு சிறு தொகை கொடுப்போம். மார்க் கேட்க வேண்டாம், எந்தப் பிரிவு என்றும் கேட்க வேண்டாம். என்ன செய்து பார்க்கப் போகிறாய் என்று மட்டும் கேட்போம். நம் 470 ரூபிள் என்று அதற்குப் பெயர் வைத்தாலும் சரிதான். முதல் வருடத்துக்கு என் பங்கைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். மற்றதைப் பொதுக்குழுவில் பேசுவோம், வாருங்கள்.