ஆல் இந்தியா ரேடியோ ட்யூன் போட்டது யார்? நாஜிகள் காலத்தில் ஊரை விட்ட ஒரு பியானோ கலைஞரின் கதை!

சாந்தோம் பக்கம், கலங்கரை விளக்கத்துக்கு அருகே கடற்கரைச் சாலையில் வானொலி நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். விடியற்காலையில் நிகழ்ச்சி தொடங்கும் முன் ஒரு ட்யூன் வருமே, தம்பூரா மேல் வயலின் இழையும் அந்த ட்யூன்? தாத்தா, பாட்டியைக் கேட்டால் உடனே முணுமுணுத்துக் காட்டுவார்கள். ஆனால் போட்டவர் பெயர் கேட்டால் முழிப்பார்கள்.

அவர் பெயர் வால்டர் காஃப்மன். செக் நாட்டு யூதர்.

1907-ல் கார்ல்ஸ்பாட் என்ற ஊரில் பிறந்தார். இன்றைக்கு அது கார்லோவி வாரி. பெர்லினில் ஃபிரான்ஸ் ஷ்ரேக்கரிடம் இசையமைப்பு படித்தார். அங்கே சார்லட்டன்பர்க் ஓபராவில் புகழ்பெற்ற புரூனோ வால்டரின் உதவியாளராக இருந்தார்.

ஓபராவில் இப்படி உதவிக்கு இருக்கும் பியானோக்காரர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? ஒத்திகைக்கு தினமும் 60, 70 வாத்தியக்காரர்களைக் கூப்பிட முடியாது. அதனால் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் வாசிக்க வேண்டியதை ஒரே ஆள் பியானோவில் வாசிப்பார். பாடகர் எங்கே தடுமாறினாலும் நிறுத்தித் திருத்துவார். நம்ம ஊர் சினிமாவில் ஆர்மோனியம் வைத்துப் பாட்டு சொல்லிக்கொடுப்பதைப் போலத்தான். மேடை ஏறும் நாளில் கைதட்டல் மட்டும் இவருக்கு வராது.

பிராக் பல்கலைக்கழகத்தில் மாலர் என்ற இசை மேதையைப் பற்றி ஆய்வேடும் எழுதினார். ஆனால் தன் வழிகாட்டிப் பேராசிரியர் உள்ளூர் நாஜி இளைஞர் அமைப்பின் தலைவர் என்று தெரிந்ததும், டாக்டர் பட்டமே வேண்டாம் என்று விட்டுவிட்டார். வருஷக்கணக்கான உழைப்பு!

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மறு வருஷமே காஃப்மன் பம்பாய்க்குக் கப்பல் ஏறினார். ஏன் பம்பாய்? பெரிய காரணமெல்லாம் இல்லை. இந்தியாவுக்கு விசா சுலபமாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

வந்ததும் நம் இசையைக் கேட்டார். சுத்தமாகப் புரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் மட்டம் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இத்தனை கோடிப் பேர் ரசிக்கிறார்கள் என்றால் கோளாறு தன்னிடம்தான் என்று நினைத்தார் காஃப்மன். உட்கார்ந்து படித்தார்.

பம்பாயில் அவர் தொடங்கிய சேம்பர் மியூசிக் சொசைட்டியில் அவர் பியானோ, மெஹ்லி மேத்தா வயலின். ஆமாம், உலகப் புகழ் நடத்துநர் ஜூபின் மேத்தாவின் அப்பாதான். மோகன் பாவ்னானியின் சினிமாக்களுக்கும் காஃப்மன் இசை கொடுத்தார். 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவுக்குத் தலைவர். 1938-ல் 'அனசூயா' என்று வானொலிக்காகவே ஒரு ஓபரா எழுதினார்.

அந்த ட்யூன் 1936-ல் வந்தது. ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் வைக்கப்பட்டதும் அதே வருஷம்தான். சிவரஞ்சனி சாயலில் இருப்பதாகச் சொல்வார்கள். நீங்களே கேட்டுப் பாருங்கள். வயலின் வாசித்தது மெஹ்லி மேத்தா என்பது பலரது நம்பிக்கை. ட்யூனைப் போட்டவர் என்று வேறு சிலர் பெயரும் அவ்வப்போது அடிபடும். ஆனால் பொதுவாக இன்று ஏற்கப்படுவது காஃப்மன் பெயரைத்தான். 1938-ல் சென்னை நிலையம் எழும்பூரில் தொடங்கி, பிறகு கடற்கரைக்கு மாறியது.

போர் முடிந்ததும் 1946-ல் இங்கிலாந்து, அடுத்த வருஷம் கனடா. ஹாலிஃபாக்ஸில் பியானோ சொல்லிக்கொடுத்தார். 1948-ல் வின்னிபெக் சிம்பொனியின் முதல் நடத்துநர் ஆனார். 1957-ல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, இருபது வருஷம் பாடம் நடத்தினார்.

அங்கே இருந்தபோதுதான் நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட வேலை நடந்தது. 1968-ல் வட இந்திய ராகங்களைப் பற்றி ஒரு புத்தகம். 1976-ல் நம் கர்நாடக ராகங்களுக்கு என்றே தனியாக இன்னொரு புத்தகம். முதலில் கேட்டபோது ஒன்றுமே புரியாத மனிதர், மேளகர்த்தா ராகங்களையும் அவற்றின் ஜன்ய ராகங்களையும் ஸ்வரம் ஸ்வரமாகப் பட்டியல் போட்டிருக்கிறார்!

1984-ல் இண்டியானாவின் ப்ளூமிங்டன் நகரில் காலமானார். அவருடைய சேம்பர் இசைப் படைப்புகள் பெட்டியிலேயே கிடந்தன. 2020-ல்தான் கனடாவின் ஏ.ஆர்.சி. என்செம்பிள் குழு அவற்றில் சிலவற்றை வாசித்து ஆல்பமாக வெளியிட்டது.