சக்கரத்துக்கு எத்தனை பல்? – பாஸ்கல் வாழ்க்கை

பாஸ்கல் என்றால் நம்ம பசங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் மொழி. பிஸிக்ஸில் அழுத்தத்தின் அலகு. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் 39 வயது வரைதான் வாழ்ந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பிளேஸ் பாஸ்கல் 1623 ஜூன் 19-ல் பிரான்ஸ் நாட்டின் கிளெர்மோன் ஊரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். அப்பா எத்தியேன்தான் அவருக்கு வாத்தியாரும். 1640-ல் குடும்பம் ரூவான் நகரத்துக்குப் போனது. அங்கே அப்பாவுக்கு வரிக் கணக்கு வேலை. ராத்திரி வெகுநேரம் வரை கூட்டல், கழித்தல்.

அந்தக் கணக்கு நம்ம கணக்கு மாதிரி லேசானது இல்லை. அன்றைய பிரெஞ்சுப் பணத்தில் 12 தெனியே ஒரு சோல். 20 சோல் ஒரு லிவ்ர். 9 தெனியேயும் 5 தெனியேயும் கூட்டினால் 14 என்று எழுத முடியாது. 1 சோல் 2 தெனியே என்று மாற்றி எழுத வேண்டும். ஒரு இடத்தில் மாற்ற மறந்தால் போச்சு, பக்கம் முழுக்கத் தப்பு!

அப்பா படும் பாட்டைப் பார்த்த பிள்ளை, 1642-ல், இருபது வயதுகூட ஆகாதபோது, ஒரு மெஷின் செய்ய உட்கார்ந்தார். தெனியேவுக்கு 12 பல் சக்கரம், சோலுக்கு 20 பல், லிவ்ருக்கு 10 பல். ஒரு சக்கரம் முழுச் சுற்று முடித்ததும் உள்ளே ஒரு எடை விழுந்து, அடுத்த சக்கரத்தை ஒரு பல் தள்ளும். மனுஷன் மறந்தாலும் மெஷின் மறக்காது. ஐம்பது மாடலுக்கு மேல் செய்து பார்த்து, 1645-ல் வெளியே காட்டினார். விலை அதிகம்; விற்பனை சுமார்தான். உடம்பும் ஒத்துழைக்கவில்லை. ஆனாலும் 1654-ல் ஃபெர்மாவோடு கடிதம் எழுதியே நிகழ்தகவுக் கணக்குக்கு அஸ்திவாரம் போட்டார். 1662 ஆகஸ்ட் 19-ல் பாரிஸில் காலமானார்.

முந்நூறு வருஷம் கழித்து, 1970-ல், சூரிச்சில் நிக்லாஸ் வெர்த் தான் உருவாக்கிய மொழிக்கு அவர் பெயரை வைத்தார். பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! இன்டிஜர் வேரியபிளில் 3.7-ஐப் போட்டால் பாஸ்கல் கம்பைலர் ஒத்துக்கொள்ளாது. ட்ரங்க் போட்டு 3 ஆக்கணுமா, ரவுண்ட் போட்டு 4 ஆக்கணுமா, நீங்களே சொல்ல வேண்டும். சி மொழி கேட்காமலே 3 ஆக்கிவிடும். பழைய ஜி.டபிள்யூ. பேசிக் கேட்காமலே 4 ஆக்கும். ஒரே எண், மூன்று மொழி, மூன்று முடிவு!

சரி, காஸ்ட் எழுதிவிட்டால் தப்பித்தோமா? அதுவும் இல்லை. 1996 ஜூன் 4-ல் ஏரியன்-5 ராக்கெட்டில், 64 பிட் ஃப்ளோட்டிங் எண்ணை 16 பிட் இன்டிஜராக மாற்றும்படி புரோகிராமில் தெளிவாகவே எழுதியிருந்தது. எண் பெரிசு, இடம் சின்னது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ராக்கெட் சிதறியது.

எனவே தோழர்களே, ஒரு டைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் முன்னால், வாங்கிக்கொள்ளும் சக்கரத்துக்கு எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள். ரூவானில் அந்தப் பையன் முதலில் எண்ணியது அதைத்தான்!