அறிஞர் அலெக்சாண்டர் பிளெமிங்

முள் கீறிய சிறு காயமும் மனிதனின் உயிரைக் குடித்த காலம் ஒன்று இருந்தது. அந்நிலையை மாற்றிய பேரறிஞர் சர் அலெக்சாண்டர் பிளெமிங் ஆவார்.

அவர் 1881ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் ஸ்காட்லாந்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். ஏழாம் வயதில் தந்தையை இழந்தார். நெடுந்தொலைவு நடந்தே பள்ளிக்குச் சென்றார். பின்னர் இலண்டன் மாநகரை அடைந்து, கப்பல் நிறுவனம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிந்தார். அதன்பின் மருத்துவம் பயின்று, 1906இல் மருத்துவரானார்.

முதல் உலகப் போரின்போது, குண்டுக்குத் தப்பிய வீரர்களும் புண்ணில் சீழ்பிடித்து மாள்வதைப் பிரான்சு நாட்டில் கண்டு மனம் நொந்தார். கிருமியை ஒழிக்கும் மருந்தைத் தேடுவதே அவர்தம் வாழ்வின் நோக்கமாயிற்று.

1928ஆம் ஆண்டு செப்டம்பரில் விடுமுறை கழித்துத் திரும்பிய அவர், கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டு ஒன்றில் பூசணம் படர்ந்திருக்கக் கண்டார். அதனைச் சுற்றியிருந்த கிருமிகள் அழிந்திருந்தன. அவர் தட்டைக் கழுவி எறியாமல் ஆராய்ந்தார். பெனிசிலின் பிறந்தது. புளோரி, செயின் எனும் அறிஞர்கள் அதனைப் பயன்தரும் மருந்தாக்கினர். மூவரும் 1945இல் நோபல் பரிசு பெற்றனர்.

அப்பரிசுக்கான உரையிலேயே பிளெமிங் ஓர் எச்சரிக்கை விடுத்தார். தொண்டைப்புண் கண்ட ஒருவன் மருந்தைக் குறைவாக உண்டால், சாகாத கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும். அவை அவன் மனைவியைத் தொற்றினால், அதே மருந்து அவளைக் காவாது. அவள் இறக்க நேரிடும். அப்பழி அவனையே சாரும் என்பதை ஒரு கற்பனைக் கதையால் விளக்கினார்.

அவர் அஞ்சியது பிற மருந்துகளிலும் நிகழ்ந்தது. குளோராம்பெனிக்கால் என்னும் மருந்து டைபாய்டு காய்ச்சலைத் தீர்க்கும் என்பது 1948இல் நமது கோலாலம்பூரில்தான் கண்டறியப்பட்டது. ஆனால் 1972இல் கேரளத்திலும் மெக்சிகோவிலும் பரவிய டைபாய்டுக் கிருமிகள் அம்மருந்துக்கு அடங்கவில்லை.

பெற்றோர்களே! மாணவ மணிகளே! சாதாரணச் சளிக்கு இம்மருந்துகள் பயன்படா. மருத்துவர் தந்தால் மட்டுமே உண்ணுங்கள். காய்ச்சல் தணிந்துவிட்டதென்று பாதியில் நிறுத்தாதீர்கள். எஞ்சிய மாத்திரையை அண்டை வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள்.

பிளெமிங் 1955ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் மறைந்தார். அவர் அளித்த செல்வத்தை வீணாக்காமல் நம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வதே நாம் அவருக்குச் செலுத்தும் நன்றியாகும்.