சீனிவாச இராமானுசனின் இளமையும் தாய்ப் பிணைப்பும்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 – ஏப்ரல் 26, 1920) ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ஆவார். எண் கோட்பாட்டிலும் முடிவிலாத் தொடர்களிலும் அவர் கண்ட முடிவுகள் உலகப் புகழ் பெற்றவை. அவரது கணிதம் இங்கு விரித்துரைக்கப்படவில்லை. அவரை வளர்த்தவர்களோடு, குறிப்பாகத் தாயார் கோமளத்தம்மாளோடு, அவருக்கு இருந்த பிணைப்பையும் பிற்கால வாழ்வில் அப்பிணைப்பு எவ்வாறு தொடர்ந்தது என்பதையும் இக்கட்டுரை கூறுகிறது.

பிறப்பும் முதல் ஆண்டுகளும்

இராமானுசன் பிறந்தது தாய்வழிப் பாட்டனாரின் ஈரோட்டு வீட்டில். பாட்டனார் நாராயண ஐயங்கார் நீதிமன்றத்தில் அமீனாவாகப் பணியாற்றியவர். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கர். கோமளத்தம்மாளுக்குத் திருமணமாகிச் சில ஆண்டுகள் குழந்தை இல்லை. நாமக்கல் நாமகிரித் தாயாரை வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதே குடும்பத்தாரின் நம்பிக்கை. ஏறத்தாழ ஒரு வயதில் குழந்தை கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டிற்கு வந்தது.

1889 டிசம்பரில் குழந்தைக்குப் பெரியம்மை கண்டது. தஞ்சை மாவட்டத்தில் அவ்வாண்டு அந்நோய் பலரைக் கொண்டுபோயிற்று. இராமானுசன் தழும்புகளோடு பிழைத்தார். அவருக்கு ஒன்றரை வயதானபோது பிறந்த தம்பி மூன்று மாதம்கூட வாழவில்லை. 1891 இல் பிறந்த தங்கையும் 1894 இல் பிறந்த மற்றொரு தம்பியும் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். பிழைத்து வளர்ந்த தம்பியரில் மூத்தவர் இலட்சுமி நரசிம்மன் பிறந்தது 1898 இல். ஆகவே முதல் பத்து ஆண்டுகள் இராமானுசன் நடைமுறையில் ஒற்றைப் பிள்ளை. மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்த ஒரு தாயின் கவனம் முழுவதும் எஞ்சிய ஒருவர் மீது குவிந்ததில் வியப்பில்லை. தந்தையோ காலை முதல் இரவு வரை கடையில் இருப்பவர். அவரைப் பற்றி வரலாற்று நூல்கள் சொல்வதும் குறைவே.

பேசாத குழந்தை

மூன்று வயது வரை இராமானுசன் பெரும்பாலும் பேசவே இல்லை. ஊமையோ என அஞ்சிய தாயார் அவரைக் காஞ்சிபுரத்தில் இருந்த தம் தந்தையிடம் அழைத்துச் சென்றார். அங்குக் குடும்ப நண்பர் ஒருவரின் யோசனைப்படி அட்சராப்பியாசம் தொடங்கப்பட்டது. தரையில் பரப்பிய அரிசியில், பாட்டனார் பேரனின் கையைத் தம் கையால் பற்றி, ஒவ்வோர் எழுத்தாக ஒலித்துக்கொண்டே எழுதச் செய்தார். சில காலத்தில் குழந்தை உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் கற்றுக்கொண்டது. ஊமை என்ற அச்சமும் நீங்கியது. 1892 அக்டோபரில் திண்ணைப் பள்ளியில் சேர்க்கப்பட்டார்.

அவர் பிடிவாதக் குழந்தை. கேட்ட உணவு கிடைக்காவிடில் மண்ணில் புரள்வார். வீட்டிலுள்ள பித்தளை, செம்புப் பாத்திரங்களை எல்லாம் எடுத்துச் சுவருக்குச் சுவர் வரிசையாக அடுக்குவார். தந்தைவழிப் பாட்டனார் இறந்தபின் சென்னையில் குடியேறியிருந்த தாய்வழிப் பாட்டனார் வீட்டிற்கு அனுப்பப்பட்டபோது, பள்ளிக்குப் போக அடியோடு மறுத்தார். குடும்பத்தார் ஒரு காவலரைக் கொண்டு மிரட்டிப் பார்த்தும் பயனில்லை. ஆறு மாதத்தில், 1895 இன் நடுவில், கும்பகோணம் திரும்பினார். பள்ளி மீதான வெறுப்பு எவ்வளவு, வீட்டு ஏக்கம் எவ்வளவு என்று இன்று பிரித்துக் கூற இயலாது. ஆனால் கும்பகோணத்துக்கு வந்தபின் அதே சிறுவன் 1897 இல் தொடக்கக் கல்வித் தேர்வில் மாவட்டத்தில் முதலாவதாகத் தேறினான்.

அங்குத் தாயார் கோயிலில் பசனை பாடியும், வீட்டில் மாணவர்களுக்கு உணவும் இடமும் அளித்தும் சிறிது பொருள் ஈட்டினார். மகனுடன் உட்கார்ந்து ஆடுபுலி ஆட்டம் ஆடினார். பின்னாளில் மகன் கணக்கில் மூழ்கியிருக்கும்போது தாயோ பாட்டியோ சோற்றைப் பிசைந்து உருண்டையாக அவர் கையில் வைப்பது வழக்கம்.

பிணைப்புக் கோட்பாடு

குழந்தை தன்னை வளர்ப்பவரோடு கொள்ளும் பிணைப்பு பசியாற்றுவதால் மட்டும் வருவதன்று, அதுவே ஓர் இயல்பூக்கம் என்ற கருத்தை விரிவாக முன்வைத்தவர் ஆங்கிலேய உளமருத்துவர் ஜான் பவுல்பி (1907–1990). 1951 இல் உலக நலவாழ்வு அமைப்புக்காக அவர் எழுதிய அறிக்கை இத்துறையின் தொடக்க நூல்களுள் ஒன்று. மேரி எயின்சுவர்த் 1950களில் உகாண்டாவிலும் பின்னர் அமெரிக்காவிலும் தாய்களையும் குழந்தைகளையும் நேரில் நோக்கி இதனை வளர்த்தெடுத்தார். நம்பத்தக்க ஒருவர் அருகில் இருக்கும் குழந்தை அவரை ஒரு தளமாகக் கொண்டு அஞ்சாமல் வெளியே சென்று புதியன தேடும் என்பது இவர்களின் முக்கியக் கருத்து. பலர் சேர்ந்து வளர்க்கும் வீட்டிலும் குழந்தை ஒருவரை முதன்மையாகப் பற்றுவதுண்டு. இராமானுசன் வீட்டில் பாட்டனாரும் பாட்டியும் இருந்தும் அந்த ஒருவர் தாயாரே.

இருப்பினும் ஒரு மேதையின் அறிவுக்கு அவரது குழந்தைப் பருவமே காரணம் என்று இக்கோட்பாடு கூறுவதில்லை. தொலைவிலிருந்து அவ்வாறு கணிப்பது பொருத்தமும் அன்று.

திருமணமும் கடல் பயணமும்

கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறியதால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்த இராமானுசன், 1905 ஆகத்தில் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். அவரைத் தேடிச் செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிடப்பட்டது. 1909 சூலை 14 இல் ஜானகியை மணந்தார். மணப்பெண்ணுக்கு அப்போது வயது பத்து. பெண் பார்த்ததும் முடிவு செய்ததும் தாயாரே; தந்தை திருமணத்திற்குச் செல்லவில்லை.

கேம்பிரிட்ச்சுக்கு வருமாறு ஜி. எச். ஹார்டி அழைத்தபோது, கடல் கடப்பதற்குத் தடையாக நின்றது தாயின் மனம். மகன் ஐரோப்பியர் நடுவே அமர்ந்திருப்பதைக் கண்டதாகவும், குறுக்கே நிற்க வேண்டாமென நாமகிரித் தாயார் கட்டளையிட்டதாகவும் தாயார் கண்ட கனவுக்குப் பின் தடை நீங்கியது என்பர். 1914 மார்ச் 17 இல் கப்பலேறினார். ஜானகியை உடன் அழைத்துச் செல்லவில்லை.

கடிதங்கள்

இங்கிலாந்தில் முதல் மூன்று ஆண்டுகள் இராமானுசன் ஏராளமாக எழுதி வெளியிட்டார். ஆகவே பிரிவு மட்டுமே அவரை முடக்கியது எனக் கூற முடியாது. ஆனால் தொடக்கத்தில் மாதம் மூன்று நான்காக ஊருக்கு வந்த அவரது கடிதங்கள் படிப்படியாகக் குறைந்தன. மனைவிக்கு அவர் எழுதியவற்றையும் மனைவி அவருக்கு எழுதியவற்றையும் கோமளத்தம்மாள் தடுத்துவிட்டார். மாமியாரோடு ஒத்துப்போக இயலாத ஜானகி, கராச்சியில் இருந்த சகோதரரிடம் சென்றார். போர்க்காலத்தில் மரக்கறி உணவுக்குத் தட்டுப்பாடு. 1917 முதல் நோய், மருத்துவமனை. மனைவியிடமிருந்து மடல் வராத காரணம் கணவருக்குத் தெரியவில்லை. 1918 இன் தொடக்கத்தில் இலண்டன் சுரங்க இரயில் நிலையம் ஒன்றில் தண்டவாளத்தில் பாய்ந்தார். வண்டி நிறுத்தப்பட்டதால் உயிர் தப்பினார். அதே ஆண்டில்தான் அரச கழகத்தின் உறுப்பினராகவும் திரினிட்டி கல்லூரியின் உறுப்பினராகவும் தேர்வு பெற்றார்.

கோமளத்தம்மாளைக் கொடுமைக்காரராக மட்டும் சித்திரிப்பது எளிது. மகனைத் தவிர வேறொன்றும் தமக்கென இல்லாதிருந்த ஒருவர், இன்னொருவரோடு அவரைப் பங்கிட அறியாதிருந்தார் என்பதே இங்குத் தெரிவது. அதனால் துன்புற்றவர்களோ இருவர்.

இறுதி ஆண்டு

1919 மார்ச் 27 இல் பம்பாயில் இறங்கியபோது தாயாரும் தம்பியும் வந்திருந்தனர். ஜானகி எங்கே என்பதே அவர் கேட்ட முதற் கேள்விகளுள் ஒன்று. பின்னர் ஜானகி வந்து சேர்ந்தார். சென்னையிலும் கொடுமுடியிலும் கும்பகோணத்திலும், இறுதியில் சேத்துப்பட்டிலும் அவரே கணவரைப் பேணினார். வேளைக்குச் சோறும் எலுமிச்சைச் சாறும் மோரும் கொடுத்து, வலி கண்டபோது காலுக்கும் மார்புக்கும் வெந்நீர் ஒத்தடம் இட்டார். வெந்நீர் வைத்த அவ்விரு பாத்திரங்களையும் பல்லாண்டுகள் காத்து வைத்திருந்தார். இந்நாட்களில்தான் இராமானுசன் போலித் தீட்டாச் சார்புகளைக் கண்டு, 1920 சனவரியில் ஹார்டிக்கு எழுதினார். ஏப்ரல் 26 இல் தமது 32 ஆம் வயதில் மறைந்தார்.

ஜானகி அம்மாள் சில ஆண்டுகள் பம்பாயில் சகோதரருடன் இருந்து தையல் கற்றார். பின்னர்ச் சென்னை திருவல்லிக்கேணியில் தைத்துப் பிழைத்தார். 1950 ஆம் ஆண்டளவில் தோழி ஒருவர் திடீரென இறந்தபோது, தாயை இழந்த அவருடைய சிறு மகனைத் தாமே எடுத்து வளர்த்துப் படிக்க வைத்தார். 1994 ஏப்ரல் 13 இல் காலமானார்.