காற்றைச் சக்கரத்தில் பூட்டியவர்

கார் ஒன்று சாலையில் நிற்கிறது. அதன் எடையைத் தாங்குவது எது என்று கேட்டால், டயர் என்றே நம்மில் பெரும்பாலோர் விடை கூறுவோம். அது பாதி உண்மை. ரப்பரும் நூலும் கம்பியும் சேர்ந்த டயர் ஒரு பை போன்றது. அந்தப் பைக்குள் அடைபட்டிருக்கும் காற்றே வண்டியையும் வண்டிக்குள் இருப்பவர்களையும் சுமக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் காற்றைச் சக்கரத்தில் பூட்டி உலகெங்கும் ஓடவிட்ட பெருமை ஒரு கால்நடை மருத்துவரைச் சேரும். குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் வைத்தியம் பார்த்துப் பிழைத்த அவர்தாம் ஜான் பாய்ட் டன்லப்.

அவருடைய வரலாற்றைப் படிக்கும்போது, நாம் ஏறும் வண்டி நம்மைப் பத்திரமாக வீடு சேர்க்க என்ன செய்ய வேண்டும் என்பதும் விளங்கும். ஆகவே அவர் வாழ்க்கையையும் அவர் விட்டுச் சென்ற சக்கரத்தின் பராமரிப்பையும் சேர்த்தே இங்குக் கூற முயல்கிறேன்.

பிறப்பும் தொழிலும்

ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில் டிரெகார்ன் என்னும் சிற்றூரில், ஓர் உழவர் குடும்பத்தில் 1840ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் டன்லப் பிறந்தார். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் பயின்று, இருபது வயது நிரம்புவதற்கு முன்பே தேர்ச்சி பெற்றார். அந்நகரில் சில ஆண்டுகள் தொழில் செய்த பின், 1867இல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். பின்னாளில் பெல்பாஸ்ட் நகரில் அவர் நடத்திய கால்நடை மருத்துவமனை, அந்நாட்டின் பெரிய மருத்துவமனைகளுள் ஒன்றாக வளர்ந்தது.

அக்காலத்துத் தெருக்கள் கல் பாவியவை. இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரங்களைக் குதிரைகள் இழுத்துச் சென்றன. சைக்கிள்களுக்கோ கெட்டி ரப்பர் வளையங்கள் இருந்தன. கல்லின் ஒவ்வோர் அதிர்வும் ஓட்டுபவரின் எலும்பு வரை சென்று சேர்ந்தது.

மகனின் மூன்று சக்கர சைக்கிள்

டன்லப்பின் மகன் ஜானி ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவன். அவனிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. கெட்டி ரப்பர் சக்கரங்களோடு கல் தெருவில் அதை ஓட்டுவது சிறுவனுக்குப் பெரும் சிரமமாக இருந்தது. மகனின் துன்பத்தைப் போக்க வேண்டும் என்ற எண்ணமே தந்தையை ஆராய்ச்சியில் இறக்கியது.

1887ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் டன்லப் ஏறத்தாழ 96 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்ட மரப்பலகையை எடுத்துக்கொண்டார். மெல்லிய ரப்பர்த் தாளைக் குழாயாக ஒட்டிப் பலகையின் விளிம்பில் சுற்றினார். அதன்மேல் துணியைப் போர்த்தி ஆணியடித்தார். காற்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் குழாயை நிரப்பினார். பிறகு தம் வீட்டு முற்றத்தில் மகனுடைய சைக்கிளின் சக்கரத்தை ஒரு முறையும், தாம் செய்த சக்கரத்தை ஒரு முறையும் உருட்டிவிட்டார். சைக்கிள் சக்கரம் சற்றுத் தூரம் உருண்டு விழுந்துவிட்டது. காற்றுச் சக்கரமோ முற்றத்தைக் கடந்து வாயில் தூணில் மோதிய பின்னரே நின்றது.

அந்த முற்றத்தில் நடந்தது என்ன? கெட்டிச் சக்கரம் சிறு கல்லின்மீது ஏறும்போது வண்டி முழுவதும் மேலே தூக்கப்படுகிறது. அதில் ஆற்றல் வீணாகிறது. காற்றுச் சக்கரமோ கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு கடந்துவிடுகிறது. அதிர்வும் குறைகிறது, இழுக்கும் சிரமமும் குறைகிறது. மகனுக்குச் சுகம் தேடிய தந்தை, அவரே எதிர்பாராத வகையில் வேகத்தையும் கண்டுபிடித்துவிட்டார். 1888 டிசம்பர் 7ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது.

பந்தயத் திடலில்

பருத்துத் தோன்றிய புதிய டயரைக் கண்டு முதலில் பலர் நகைத்தனர். பெல்பாஸ்ட் சைக்கிள் சங்கம் ஒன்றின் தலைவரான வில்லி ஹ்யூம் என்பவர் மட்டும் துணிந்து அதைப் பூட்டிய சைக்கிளை வாங்கினார். 1889 மே 18ஆம் நாள் பெல்பாஸ்ட் குயின்ஸ் கல்லூரி விளையாட்டு விழாவில் நடந்த நான்கு சைக்கிள் பந்தயங்களிலும் அவரே முதலாவதாக வந்தார். ஒரு கல்லூரித் திடலில்தான் காற்று டயரின் புகழ் பிறந்தது என்பது கல்லூரி மாணவர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி அன்றோ!

ஹ்யூமிடம் தோற்றவர்களுள் ஹார்வி டு குரோஸ் என்னும் வணிகரின் புதல்வர்களும் இருந்தனர். டயரின் எதிர்காலத்தைக் கணித்த டு குரோஸ், டன்லப்புடன் சேர்ந்து டப்ளின் நகரில் ஒரு நிறுவனத்தை அமைத்தார்.

உரிமை கைநழுவியது

தொழில் வளரத் தொடங்கிய வேளையில் பேரிடி ஒன்று விழுந்தது. காப்புரிமை கிடைத்த இரண்டே ஆண்டுகளில் அது செல்லாது என்று டன்லப்புக்கு அறிவிக்கப்பட்டது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845இலேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1847இல் லண்டன் மாநகரின் பூங்கா ஒன்றில் குதிரை வண்டியில் பூட்டி ஓட்டியும் காட்டியிருந்தார். அப்போது ரப்பர் விலை மிகுதி, சைக்கிளும் பரவவில்லை, காரோ பிறக்கவே இல்லை. ஆகவே அந்த அரிய கருத்து நாற்பதாண்டுகள் உறங்கிக் கிடந்தது. 1873இல் தாம்சன் மறைந்தபோது அவருடைய காற்றுச் சக்கரத்தை உலகம் மறந்தே போயிருந்தது.

முதலில் எண்ணியவர் தாம்சன். முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் டன்லப். இருவரையும் போற்றுவதே நேர்மை.

சக்கரத்தோடு பிணைத்தவர்கள்

டன்லப்பின் டயரில் ஒரு பெருங்குறை இருந்தது. அது சக்கரத்தோடு துணி சுற்றி ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சர் ஆனால் எல்லாவற்றையும் பிரித்து, ஓட்டையை அடைத்து, மீண்டும் ஒட்டிக் காய வைக்க வேண்டும். பிரான்சில் மிஷலின் சகோதரர்களின் தொழிற்சாலைக்கு 1889இல் அத்தகைய சைக்கிள் ஒன்று பழுது பார்க்க வந்தது. வேலை மணிக்கணக்கில் நீண்டது. பசை உலர ஓர் இரவும் கழிந்தது. அந்த அனுபவத்தின் பயனாக, எளிதில் கழற்றி மாட்டக்கூடிய டயரை அவர்கள் 1891இல் வெளியிட்டனர்.

இங்கிலாந்தில் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்பவர் 1890இல் வேறொரு வழி கண்டார். டயரின் இரு ஓரங்களிலும் நீளாத கம்பி வளையத்தை வைத்தார். சக்கரத்தின் ரிம்முக்கு நடுவில் ஒரு பள்ளம் அமைத்தார். டயரின் ஓரத்தை ஒரு பக்கம் அந்தப் பள்ளத்தில் இறக்கினால், மறுபக்கம் ரிம்மின் விளிம்பைத் தாண்டி உள்ளே வரும். காற்று ஏறியதும் ஓரங்கள் இரு புறமும் தள்ளப்பட்டு ரிம்மில் இறுக உட்காரும். இன்று நம் கார்களில் உள்ள டியூப் இல்லாத டயரும் இதே முறையில்தான் ரிம்மில் நிற்கிறது. டன்லப்பின் நிறுவனம் வெல்ச்சின் உரிமையை விலைக்கு வாங்கியது. மூல உரிமையை இழந்த நிறுவனம் பிழைத்து நின்றது இத்தகைய உரிமைகளால்தான்.

டயரை மாட்டும் இடத்தில்தான் ஆபத்தும் மறைந்திருக்கிறது. டயரின் அளவும் ரிம்மின் அளவும் இம்மியும் மாறக்கூடாது. ஓரங்களில் சோப்பு நீர் போன்ற வழுக்குப் பொருளைத் தடவியே மாட்ட வேண்டும். கார் டயரின் ஓரம் ரிம்மில் உட்காரவில்லை என்பதற்காகச் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டுக்கு மேல் காற்றை ஏற்றுவது தற்கொலைக்கு ஒப்பாகும். உள்ளே உள்ள கம்பி அறுந்தால் டயர் குண்டுபோல் வெடிக்கும். காற்றை முழுதும் இறக்கிவிட்டு, மீண்டும் சோப்பு நீர் தடவி மாட்டுவதே முறை. லாரிச் சக்கரங்களில் டயரைப் பிடித்து நிறுத்த லாக் ரிங் என்னும் இரும்பு வளையம் போடுவதுண்டு. அது சரியாக அமராத நிலையில் காற்றடித்தால் வளையம் தெறித்துப் பாயும். ஆகவே அத்தகைய சக்கரங்களை இரும்புக் கூண்டுக்குள் வைத்தே காற்றடிக்க வேண்டும். சாலையோர பஞ்சர் கடையில் சக்கரத்தின்மீது குனிந்தபடி காற்றடிக்கும் தொழிலாளியைப் பார்க்கும்போதெல்லாம் நம் நெஞ்சு பதற வேண்டும். அவருக்கு ஒரு கூண்டு வாங்கித் தருவதைவிடப் பெரிய தொழிலாளர் நலம் அக்கடைக்கு வேறில்லை.

சக்கரத்தை வண்டியில் பூட்டுவதற்கும் முறை உண்டு. சக்கரமும் அச்சும் பொருந்தும் இடத்தில் துருவோ மண்ணோ இருக்கக்கூடாது. வீல் நட்டுகளை முதலில் கையால் திருகி, பின் எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். ஒன்றையடுத்து ஒன்றாக வட்டமாக முடுக்கினால் சக்கரம் கோணலாக அமரும். ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் ஊன்றிய பின்னரே முழு இறுக்கம் கொடுக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுமுறை சரிபார்ப்பது நல்லது.

காரும் காற்றும்

டன்லப் சைக்கிளுக்காகச் செய்த டயர் விரைவிலேயே காருக்கும் வந்தது. 1895இல் பாரிஸ் - போர்டோ - பாரிஸ் பந்தயத்தில் மிஷலின் சகோதரர்கள் காற்று டயர் பூட்டிய காரை ஓட்டினர். வழியெங்கும் பஞ்சர் ஆயிற்று; எனினும் காரும் காற்றில் ஓடும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். கார் ஒன்று 1,000 கிலோ எடையுள்ளது என்றால் ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ 250 கிலோவைத் தாங்குகிறது. டயரில் சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு காற்று இருந்தால், அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.25 கிலோ அழுத்தம். 250ஐ 2.25ஆல் வகுத்தால் கிடைப்பது சுமார் 111 சதுர சென்டிமீட்டர். அதாவது ஓர் உள்ளங்கை அளவு இடம்தான் சாலையைத் தொடுகிறது! திரும்புவதும் நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பியே நடைபெறுகின்றன.

காற்று பாதியாகக் குறைந்தால் என்ன ஆகும்? அதே எடையைத் தாங்க டயர் இரு மடங்கு இடத்தில் தரையைத் தொட முயலும். பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். அதனால் வெப்பம் பிறக்கும். வெப்பத்தில் ரப்பருக்கும் நூலுக்கும் உள்ள பிணைப்பு விட்டுப்போகும். கோடை வெயிலில் நெடுஞ்சாலையில் டயர் வெடித்தது என்ற செய்தியைப் படிக்கிறோம். வெயிலின்மீது பழி போடுகிறோம். ஆனால் குறைந்த காற்றும் அதிகப் பாரமும் மிகுந்த வேகமுமே பெரும்பாலும் மூல காரணங்கள்.

கோடைக்காலம் என்று காற்றைக் குறைத்து அடிக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. இது தவறு. ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் சில பவுண்டு உயர்ந்திருப்பது இயல்பு. அதைக் கண்டு காற்றை இறக்கினால், டயர் ஆறியபின் காற்று தேவைக்குக் குறைவாகிவிடும். ஆகவே வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். எவ்வளவு காற்று என்பதை ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணை சொல்லும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. அதுவரை அடிக்க வேண்டும் என்பது பொருளன்று. மாதம் ஒரு முறையும், நெடும்பயணத்துக்கு முன்பும் பார்ப்பது போதும். ஸ்டெப்னியையும் மறக்கலாகாது.

டயர் தன் குறையைத் தானே எழுதிக் காட்டும். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் கோணம் சரியில்லை. பட்டன் என்று நாம் சொல்லும் வரிப்பள்ளத்தின் ஆழம் கார் டயரில் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்த டயரை மாற்றிவிட வேண்டும். சட்டமும் அதையே கூறுகிறது. மழைநீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளமே. அது இல்லாத டயர் நீரின்மீது படகுபோல் மிதந்துவிடும்.

இறுதி நாட்கள்

டன்லப் 1895இல் நிறுவனத்திலிருந்து விலகினார். மறு ஆண்டே அந்த நிறுவனம் 30 இலட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டு, பின் 50 இலட்சம் பவுண்டு மதிப்பில் பொதுமக்களுக்குப் பங்குகளாக மாற்றப்பட்டது. அப்பெருஞ்செல்வத்தில் பங்குகொள்ள அவர் அங்கு இல்லை. அவருடைய பெயரும் தாடி வைத்த முகமும் மட்டும் வணிக முத்திரையாக உலகைச் சுற்றி வந்தன. 1921 அக்டோபர் 23ஆம் நாள் தம் 81ஆம் வயதில் டப்ளினில் அவர் காலமானார். பிற்காலத்தில் வட அயர்லாந்து வங்கி ஒன்று தன் 10 பவுண்டுத் தாளில் அவர் உருவத்தைப் பொறித்துச் சிறப்பித்தது. வங்காளத்தின் சாகாகஞ்சிலும் நம் அம்பத்தூரிலும் அவர் பெயர் தாங்கிய டயர்த் தொழிற்சாலைகள் பல ஆண்டுகள் இயங்கின.

ஆயினும் அவருக்குப் பொருத்தமான நினைவுச் சின்னம் நம் கிராமத்துச் சாலைகளில் இருக்கிறது. மரச் சக்கரத்துக்குப் பதிலாக ரப்பர் டயர் பூட்டிய மாட்டு வண்டியை டயர் வண்டி என்கிறோம். அதில் பூட்டிய மாடுகளின் கழுத்துக்குப் பாரம் குறைந்தது. மாட்டுக்கும் குதிரைக்கும் மருந்து கொடுத்து வாழ்ந்த மனிதரின் கைவேலை, அவர் காணாத நாட்டில் வாயில்லா உயிர்களுக்கும் உதவியது.

ஒரு சிறுவனின் வலியைக் கவனித்த தந்தையால் பிறந்தது காற்று டயர். அதே கவனம் நம்மிடமும் இருக்குமானால் அது நம்மைக் காக்கும். நாளைக் காலை வண்டியை எடுக்குமுன் ஐந்து நிமிடம் குனிந்து அதன் சக்கரங்களைப் பார்ப்போம். டன்லப்புக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.