பொருள் உணரப் படிப்பித்த பெருமான்

யாழ்ப்பாணத்து நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மைந்தராக 1822ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே அவதரித்தவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள். சைவங் காத்தவரென்றும் தமிழ் வசனநடையை வளர்த்தவரென்றும் அவரைப் போற்றுகின்றோம். ஆயினும், சின்னஞ்சிறு பிள்ளைகள் தாம் படிப்பதை விளங்கிக்கொள்ளல் வேண்டுமென்று அவர் பட்ட பாட்டை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

அக்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே பிள்ளைகள் மணலிலே எழுதிப் பழகினர். நீதி நூல்களையும் நிகண்டையும் மனனஞ் செய்தனர். பாட்டு வாயில் வரும். பொருளோ பல ஆண்டுகள் கழித்தே விளங்கும். ஏட்டுச் சுவடிகளிலே சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை; மெய்யெழுத்தின் புள்ளியும் பெரும்பாலும் இல்லை. முன்னரே பாடமறிந்தவரே அவற்றைத் தடையின்றிப் படிக்கலாம்.

நாவலர் சரவணமுத்துப் புலவரிடத்தும் சேனாதிராச முதலியாரிடத்தும் தமிழ் கற்றார். பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிலே ஆங்கிலங் கற்று, அங்கேயே ஆசிரியருமானார். வகுப்பு முறையின் ஒழுங்கையும் அச்சுப் புத்தகத்தின் பயனையும் அங்கே நேரிற் கண்டார். நம் பிள்ளைகளுக்கும் அத்தகைய கல்வி சைவச் சூழலிலே கிடைத்தல் வேண்டுமென்று துணிந்து, 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். அவ்வாண்டிலேயே சம்பளம் பெற்ற உத்தியோகத்தையும் துறந்தார். இல்லறத்தையும் அவர் நாடவில்லை.

பாடசாலை உண்டாயிற்று, படிப்பிக்கப் புத்தகம் இல்லை. 1849இலே சதாசிவப்பிள்ளையுடன் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். அப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தைச் சூட்டியது. பின்னர் அவருடைய பாலபாடங்கள் வெளிவந்தன.

அப்புத்தகங்களின் சிறப்பு அவற்றின் படிமுறையாகும். முதலில் எழுத்து, பின்பு எளிய சொல், அதன்பின் சிறு வாக்கியம், மேல்வகுப்பிலே ஒரு பொருள்பற்றிய கட்டுரை என்று பிள்ளை ஒவ்வொரு படியாக ஏறுகின்றான். செய்யுளுக்கு முன்னே வசனத்தை வைத்தார். “அவனிங்கில்லை” என்று புணர்ந்து நிற்பதை “அவன் இங்கு இல்லை” என்று பிரித்தால் இளம்பிள்ளைக்கு விளங்குமன்றோ? இலக்கணக் கடலாகிய அவர், பிள்ளைகளின் பொருட்டுச் சந்தியை நெகிழ்த்தினார். எங்கே நிறுத்துவது, எது வினா என்று கண்ணுக்குக் காட்டும் குறியீடுகளையும் தமிழ் வசனத்திலே நிலைபெறச் செய்தார்.

சைவ வினாவிடை, இலக்கண வினாவிடை என்பவற்றிலே கேள்வி கேட்டுப் பொருளைத் தெளிவிக்கும் முறையைக் கையாண்டார். 1852இலே பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டு, செய்யுள் அறியாதாரும் அடியார் வரலாற்றைப் படித்துணர வழி செய்தார். 1864இலே சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை நிறுவினார். 1879ஆம் ஆண்டு கார்த்திகை மக நாளிலே சிவபதம் அடைந்தார்.

இளைஞர்களே! வினாவிடையையும் விளங்காமல் ஒப்புவித்தால், நாவலர் நீக்க முயன்ற குறையையே நாம் மீண்டும் வளர்த்தவராவோம். உங்கள் தம்பி தங்கையர் ஒரு பாடத்தைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடச் செய்யுங்கள். படித்ததைத் தம் சொந்தச் சொல்லிலே கூறும்படி கேளுங்கள்; விளங்காத சொல் எதுவென்று வினவுங்கள்; அடுத்து என்ன நிகழுமென்று எண்ணச் செய்யுங்கள். குருபூசைத் தினத்திலே மாலை சாத்துவது நன்றே. ஒரு பிள்ளையையேனும் பொருளுணர்ந்து படிக்கச் செய்தலே அப்பெருமானுக்கு நாம் ஆற்றும் உண்மைத் தொண்டாகும்.