கடல்மேல் தண்டவாளம் போட்ட கோடீஸ்வரர்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மியாமிக்கும் ஒர்லாண்டோவுக்கும் இடையே இன்று ஓடும் பயணிகள் புகையிரதம் அரசாங்கத்துடையது அல்ல. 2018இல் ஒரு தனியார் கம்பனி தொடங்கிய சேவை அது. 2023 செப்ரெம்பரில் ஒர்லாண்டோ வரை 235 மைல் நீண்டது. தனியார் பணத்தில் நகரங்களுக்கிடையே பயணிகளை ஏற்றுவது ஏதோ புத்தம்புதிய யோசனை என்பதுபோல வந்த செய்திகளை வாசித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தப் பாதையின் பெரும்பகுதியை ஒரு மனிதர் 1890களிலேயே தன் கைக்காசில் போட்டு வைத்திருந்தார். அவர் பெயர் ஹென்றி ஃபிளாக்லர்.

1830 ஜனவரி 2ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தில் ஓர் ஏழைப் பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒஹாயோவில் இருந்த உறவினரின் கடைக்கு வேலைக்குப் போனார். தானிய வியாபாரத்தில் சேர்த்த பணத்தை மிச்சிகனில் உப்புத் தொழிலில் போட்டார். உள்நாட்டுப் போர் முடிந்ததும் உப்பின் விலை விழுந்தது. முதல் முழுவதும் போய், சொந்தக்காரரிடம் கடனும் மிஞ்சியது. போர்க்காலத்து விலையை நம்பி முதலிட்டு, போர் முடிந்தபின் கடனாளியானவர்களை எங்கள் ஊர்களிலும் நாங்கள் கண்டிருக்கிறோம்.

ஆனால் இவருக்கு ஜோன் ரொக்ஃபெல்லர் என்ற பழைய தானியத் தரகர் நண்பராக இருந்தார். 1867இல் அவருடன் பங்காளியானார். 1870இல் ஸ்ராண்டர்ட் ஒயில் பிறந்தது. அங்கே ஃபிளாக்லரின் முக்கிய வேலைகளில் ஒன்று, புகையிரதக் கம்பனிகளோடு பேசி மற்ற எண்ணெய்க்காரருக்குக் கிடைக்காத இரகசியக் கட்டணக் கழிவுகளை வாங்குவது. போட்டியாளர் பலர் நொடித்துப் போனதில் அந்தக் கழிவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. புகையிரதக்காரரை நெருக்கிப் பிழிந்து பணக்காரரான ஒருவர், பிற்பாடு தானே புகையிரதக்காரர் ஆனார்.

முதல் மனைவி மேரி நோயாளி. வைத்தியரின் ஆலோசனைப்படி ஒரு குளிர்காலத்தில் அவரைப் புளோரிடாவுக்குக் கூட்டிப்போனார். 1881இல் மேரி இறந்தார். இரண்டாவது திருமணத்தின்பின் மீண்டும் அங்கே போன ஃபிளாக்லர், சென். ஓகஸ்ரின் நகரில் ஒரு பெரிய ஹோட்டல் கட்டத் தீர்மானித்தார். வெயில் இருந்தது, கடல் இருந்தது. ஆட்கள் வந்து சேரத்தான் வழி இல்லை. அங்கு இருந்தவை துண்டு துண்டான சிறிய பாதைகள், தண்டவாள அகலமும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அவற்றை ஒவ்வொன்றாக வாங்கி ஒரே அகலத்துக்கு மாற்றினார். ஜாக்சன்வில்லில் ஆற்றுக்குப் பாலம் போட்டார். அதன்பின் வடக்கிலிருந்து வருபவர்கள் தோணிக்கு இறங்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

அவருடைய கணக்கு இதுதான்: பயணச்சீட்டில் மட்டும் புகையிரதம் பிழைக்காது. புகையிரதம் ஹோட்டலை நிரப்பும், ஹோட்டல் காணியின் விலையை ஏற்றும், காணி விற்ற காசு அடுத்த மைலுக்குத் தண்டவாளம் போடும். தனியார் முதல் என்று சொன்னாலும் அரசின் கை இல்லாமல் இல்லை. புதிதாகப் போடும் ஒவ்வொரு மைலுக்கும் 8,000 ஏக்கர் பொதுக்காணி தருவதாக 1893இல் மாநிலச் சட்டம் வாக்களித்தது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. தனியார் முதலீடு என்று கேட்டவுடன் காணி யாருடையது என்று கேட்கப் பழகியவர்கள் நாங்கள்.

1894-95 குளிர்காலத்தின் கடும் உறைபனியில் புளோரிடாவின் தோடைத் தோட்டங்கள் கருகின. தெற்கே மியாமி ஆற்றங்கரையில் பனி விழவில்லை. அங்கு காணி வைத்திருந்த ஜூலியா ரட்டில் என்ற பெண்மணி, பாதையை நீட்டினால் தன் காணியில் பங்கு தருவதாகச் சொன்னார். 1896 ஏப்ரலில் புகையிரதம் மியாமிக்கு வந்தது. ஜூலையில் அது நகரமானது. நகரசபை அமைக்க வாக்களித்தவர்களில் கணிசமானோர் கறுப்பினத் தொழிலாளர். வாக்கு எண்ணிக்கைக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். குடியிருக்க மட்டும் அவர்களுக்குத் தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு மூலை ஒதுக்கப்பட்டது.

குடும்ப விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அதில் மரியாதை இல்லை. இரண்டாவது மனைவி ஐடா அலிஸ் மனநோய்க்கு ஆளாகி மருத்துவமனையில் இருந்தார். 1901இல் புளோரிடா சட்டசபை மனநோயை விவாகரத்துக்கான காரணமாக்கியது. அதே ஆண்டு 71 வயது ஃபிளாக்லர் மூன்றாம் முறை மணமுடித்தார். சில ஆண்டுகளில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டுவிட்டது.

1905இல் எல்லோரும் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்த வேலையைத் தொடங்கினார். மியாமிக்குத் தெற்கே தீவுகளைக் கோர்த்து, கடலுக்கு மேலே கீ வெஸ்ட் வரை பாதை. பனாமாக் கால்வாய் திறந்தால் அங்கே பெரிய துறைமுகம் வரும் என்பது எதிர்பார்ப்பு. குடிதண்ணீரைக்கூட வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். நியூயோர்க்கில் முகவர்கள் பிடித்து அனுப்பிய புலம்பெயர்ந்தோரும் பஹாமாஸ், கேமன் தீவுக்காரரும் வேலை செய்தார்கள். கடனைக் காட்டி ஆட்களைக் கட்டாயமாக வேலைவாங்கியதாக முகவர்கள்மேல் வழக்கு வந்தது, தள்ளுபடியானது. 1906 ஒக்டோபர்ப் புயலில் தொழிலாளர் தங்கியிருந்த மிதக்கும் வீடு உடைந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் கடலோடு போனார்கள். 1909இலும் 1910இலும் மீண்டும் புயல். வேலை நிற்கவில்லை.

1912 ஜனவரி 22ஆம் திகதி, 82 வயது ஃபிளாக்லர் தன் புகையிரதத்தில் கீ வெஸ்ட்டில் வந்து இறங்கினார். பார்வை மங்கியிருந்தது. அடுத்த வருடம் தன் மாளிகையின் படிக்கட்டில் விழுந்து, 1913 மே 20இல் இறந்தார். எதிர்பார்த்த கப்பல்கள் கீ வெஸ்ட்டுக்கு வரவில்லை.

1931இல் கம்பனி கடனில் மூழ்கி நீதிமன்றப் பொறுப்புக்குப் போனது. 1935 செப்ரெம்பர் 2ஆம் திகதி பெரும்புயல் தீவுகளை அடித்தது. அங்கே வீதி போட அனுப்பப்பட்டிருந்த முதலாம் உலகப்போரின் முன்னாள் படைவீரர்களைக் காப்பாற்றப் போன புகையிரதத்தின் பெட்டிகளைக் கடல் புரட்டியது. எஞ்சின் மட்டும் தண்டவாளத்தில் நின்றது. நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பாதையைத் திருத்த யாரிடமும் பணமில்லை. மாநில அரசு பாலங்களை 640,000 டொலருக்கு வாங்கி மேலே கார்வீதி போட்டது. கழற்றிய தண்டவாளங்கள் வீதியோரக் கைப்பிடிகளாயின. எங்களூரில் அவை பங்கர்களுக்குப் போயின.

எங்கள் வடக்குப் பாதை 1990இல் அறுந்தது. 2014 ஒக்டோபரில் இந்தியக் கடனில் யாழ்தேவி திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தது. இலாபம் வராது என்று எந்த முதலாளியும் அதைக் கைவிட இடமிருக்கவில்லை, அது அரசின் பாதை. ஃபிளாக்லரின் நிலப்பரப்புப் பாதையில் 1963இல் பெரிய வேலைநிறுத்தம் வந்தது. 1968இல் பயணிகள் சேவையைக் கம்பனி ஒரேயடியாக நிறுத்தியது. சரக்கு மட்டும் ஓடியது. 50 வருடம் கழித்து, 2018இல்தான் அந்தத் தண்டவாளத்தில் பயணிகள் திரும்ப ஏறினார்கள். கீ வெஸ்ட்டுக்கு இன்றும் புகையிரதம் இல்லை. பழைய பாலங்களின் துண்டுகள் கடலில் நிற்கின்றன.